முதுகு முறிந்த வண்டியும் முறியாத ஆசையும்

விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், வாங்கலாமா? இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில் என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. அரசியலும் இலக்கியமும் எழுதுகிற ஒருவனிடம் கார் பற்றிக் கேட்பதில் என்ன பொருத்தம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை எமது ஊர்களில் இன்னமும் மிச்சமிருக்கிறது. அதைக் கெடுக்க நான் விரும்பவில்லை. அத்துடன், இது வெறும் வண்டி பற்றிய கேள்வியும் அன்று. உழைத்துச் சேர்த்த பணம், இளமையின் ஆசை, வீதியில் போகும் உயிர்கள், இவை மூன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டிய அரசு ஆகிய எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

கடைசியாகக் கேட்டவன் என் சகோதரியின் மகன். கட்டாரில் ஐந்து வருடங்கள் வெயிலில் நின்று உழைத்த பணத்துடன் திருகோணமலைக்குத் திரும்பியிருக்கிறான். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒருவர் தமது சிவப்பு நிற ஹொண்டா சி.ஆர்.-இசட் காரை விற்கிறாராம். "மாமா, முன்பக்கம் கொஞ்சம் அடிபட்டதாம். எல்லாம் செய்து முடிச்சாச்சாம். சந்தை விலையில மூன்றில ஒரு பங்கு குறைச்சுத் தாறாராம். நீங்கள் ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்கோ" என்றான். அவன் சொன்னவற்றில் விலையும் நிறமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்தான் உறுத்தியது. இப்பத்தி முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

முதலில், இந்தக் கார் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சி.ஆர்.-இசட் 2010ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரத்துடன் மின்மோட்டாரும் இணைந்த ஹைபிரிட் கார். இரண்டு கதவு, தாழ்ந்த முகம், ஆறு கியர் கொண்ட கைக்கியர் வகையும் உண்டு. அந்த ஆண்டிலேயே ஜப்பானில் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. ஹைபிரிட் வாகனங்களுக்கு இலங்கையில் தீர்வைச் சலுகை இருந்த காலத்தில், ஸ்போர்ட்ஸ் கார் ஆசை இருந்தும் அதற்கான பணம் இல்லாத நடுத்தர வர்க்கத்து இளைஞர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதமாக வந்து சேர்ந்தது. 2016இல் உற்பத்தி நின்றது. இன்று வீதியில் ஓடும் ஒவ்வொரு சி.ஆர்.-இசட்டும் பத்து வயதை எட்டியதாகவோ தாண்டியதாகவோதான் இருக்கும்.

இதன்மேல் இன்னொரு சங்கதி சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய வரவு இல்லாத நாட்டில் பழைய கார் தங்கமாயிற்று. வாங்கிய விலையைவிட விற்ற விலை கூடியது. தங்கத்தை யாரும் குப்பையில் எறியமாட்டார்கள். வேறொரு காலமாயிருந்தால் உடைத்து உதிரிப்பாகமாக விற்றிருக்கக்கூடிய வண்டிகளையும் நிமிர்த்தி, ஒட்டி, பெயின்ற் அடித்து வீதிக்கு விடுவது இலாபமான தொழிலாக அக்காலத்தில் மாறியது. இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும், வரிச்சுமையால் புதிய கார் சாதாரண மனிதருக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. ஆகவே திருத்தப்பட்ட வண்டிக்குக் கிராக்கி குறையவில்லை.

சரி, "கொஞ்சம் அடிபட்டது" என்றால் என்ன? ஜப்பானியர் இதற்குத் தெளிவான ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அங்கே ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் பரிசோதகர் புள்ளியிடுவார். பம்பர், பொனற், கதவு, மட்காட் என்பவை மறையாணி கொண்டு பூட்டப்பட்டவை. அவை நசுங்கி மாற்றப்பட்டிருந்தாலும் அதை விபத்துத் திருத்தம் என்று அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் காரின் எலும்புக்கூடான முன் நீள்சட்டங்கள், குறுக்குச்சட்டம், தூண்கள், தளம், கூரை ஆகியவற்றில் ஒன்று வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தாலோ வெட்டி மாற்றப்பட்டிருந்தாலோ அந்தக் கார் எண் புள்ளியை இழந்து 'ஆர்' என்ற எழுத்தைப் பெறும். தோலில் பட்ட காயம் வேறு, எலும்பில் பட்ட முறிவு வேறு என்பதே இதன் சாரம். விற்பவர் சொல்லும் "கொஞ்சம்" இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் வாங்குபவர் தீர்க்கவேண்டிய முதற் கேள்வி. அது தீராமல் விலை பேசுவதில் பொருளில்லை.

தோலுக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நாம் ஜப்பான் வரை போகவேண்டியதில்லை. எங்கள் துறைமுகத்திலேயே அதற்குப் பாடம் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியக் கடற்படையின் 'வேலியன்ற்' என்ற போர்க்கப்பல் இங்கே இருந்தது. 1941 டிசெம்பரில் அலெக்சாந்திரியாவில் இத்தாலியச் சுழியோடிகள் வைத்த வெடியினால் அடிப்பாகம் சேதமடைந்து, முறையாகத் திருத்தப்பட்டு, மீண்டும் போருக்கு வந்த கப்பல் அது. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி திருகோணமலையில் மிதக்கும் கப்பல் தளம் ஒன்றில் அதை ஏற்றித் தூக்கியபோது, தளத்தின் நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கிய ஒழுங்கு பிழைத்தது. பாரம் தாங்காமல் தளம் முதுகு முறிந்து மூழ்கியது. கப்பல் மூழ்கவில்லை. வெளியே பார்த்தவர்க்கு அது அதே கம்பீரமான கப்பல்தான். ஆனால் உள்ளே இரண்டு உந்திகள் இறுகிப்போயின, சுக்கானும் சேதமடைந்தது. நேராகச் செல்ல முடியாமல், எட்டு கடல்மைல் வேகத்தைத் தாண்ட முடியாமல் அது சூயஸ் வரை தடுமாறிச் சென்றது. பின்னர் பிரித்தானியாவுக்குத் திரும்பியது. மறுபடி போர்முனைக்குப் போகவில்லை. 1948இல் இரும்பு விலைக்கு விற்கப்பட்டது.

ஒரே கப்பல், இரண்டு விபத்துகள். முதலாவதிலிருந்து அது மீண்டது, இரண்டாவதிலிருந்து மீளவில்லை. ஆகவே அடிபட்டதெல்லாம் ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. எங்கே அடிபட்டது, யார் திருத்தினார், எப்படித் திருத்தினார், அதற்கு எழுத்து உண்டா என்பவையே தீர்மானிக்கின்றன. கப்பல் உலகில் இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்கும். 1760இல் தொடங்கிய லொயிட்ஸ் பதிவகத்தின் வழிவந்த முறைப்படி, அடிபட்ட கப்பலைப் பரிசோதகர் பார்த்து ஒப்பமிட்டால்தான் அதன் தரவகுப்பு நிலைக்கும். தரவகுப்பு இல்லாத கப்பலுக்குக் காப்புறுதி கிடைப்பது அரிது. துறைமுகத்தில் வேலை செய்யும் எவருக்கும் இது தெரியும். ஆனால் அதே மனிதர் மாலையில் கார் வாங்கப் போகும்போது, விற்பவரின் வாய்ச்சொல்லையே பரிசோதகர் அறிக்கையாக எடுத்துக்கொள்கிறார்.

அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கேட்டுப் பெறுவதற்கு இங்கே ஓர் ஏடு இருந்தால்தானே? பிரித்தானியாவில் காப்புறுதி நிறுவனம் ஒரு காரைத் திருத்துவது கட்டுப்படியாகாது என்று கைவிட்டால், அதற்கு ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும். 2017 ஒக்ரோபர் முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி ஏ என்றால் முழுவதும் நசுக்கப்படவேண்டும். பி என்றால் உதிரிப்பாகங்கள் மட்டும் பயன்படலாம், உடல் வீதிக்கு வரக்கூடாது. எஸ் என்றால் எலும்புக்கூட்டில் சேதம். என் என்றால் எலும்புக்கூட்டில் சேதமில்லை. அமெரிக்க மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழும். அந்த எழுத்து அந்தக் காரின் சாதகம் போன்றது, எத்தனை கைமாறினாலும் கூடவே வரும்.

இங்கே நடப்பது என்ன? காப்புறுதி நிறுவனம் உரிமையாளருக்கு நட்டஈடு கொடுத்துவிட்டு நொருங்கிய வண்டியைத் தான் எடுத்துக்கொள்கிறது. பிறகு 'விபத்துக்குள்ளான வாகனங்கள் விற்பனைக்கு' என்று விலைமனுக் கோரிப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. என் தொழில் வாழ்வில் இத்தகைய விளம்பரங்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிருக்கின்றன. உள்ளது உள்ளபடி, இருக்குமிடத்தில் என்பது அவற்றின் நிபந்தனை. எடுப்பவர் கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறிடத்திலோ உதிரிப்பாகம் தேடி வண்டியை நிமிர்த்துகிறார். சில சமயம் இன்னொரு காரின் முன்பாதியையே வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவதும் உண்டு. இதில் எதுவும் பதிவுச் சான்றிதழில் ஏறுவதில்லை. முந்திய உரிமையாளர் எத்தனை பேர் என்று அந்தக் கடதாசி சொல்லும். வண்டி எத்தனை முறை செத்துப் பிழைத்தது என்று சொல்லாது.

வருடாந்தம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது பரிசோதனை இல்லையா என்று கேட்கலாம். தனியார் காருக்கு நடப்பது புகைப் பரிசோதனை மட்டுமே. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காரின் சட்டம் வளைந்திருக்கிறதா, பிறேக் பிடிக்கிறதா என்று அரசு சார்பில் குனிந்து பார்ப்பவர் யாருமில்லை. புகை சுத்தமாக இருந்தால் போதும், முதுகு முறிந்திருந்தாலும் ஓடலாம் என்பதே நடைமுறை.

திருகோணமலைக்கென்று ஒரு விசேட பிரச்சினையும் இருக்கிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் இது. டச்சுக் குடாவிலிருந்தும் பின்குடாவிலிருந்தும் வீசும் காற்றில் உப்பு இருக்கிறது. தொழிற்சாலையில் காரின் உடலை முழுவதுமாகத் தொட்டியில் அமிழ்த்தித் துருத்தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். கராஜில் ஒரு சட்டத்தை வெட்டி வெல்டிங் செய்யும்போது, அந்த வெப்பத்தில் மூட்டின் உட்பக்கப் பூச்சு எரிந்துபோகிறது. வெளியே பெயின்ற் அடிக்கலாம். பெட்டி போல் மூடிய சட்டத்தின் உள்ளே யார் அடிப்பது? ஈரமும் உப்பும் அங்கே புகுந்து, வெளியே பளபளப்பு மாறாமலே உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். கண்டியிலோ நுவரெலியாவிலோ பல வருடம் தாங்கும் அதே ஒட்டு இங்கே அவ்வளவு காலம் தாங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

அடுத்தது காற்றுப்பை. முன்பக்கம் பலமாக மோதிய காரில் அது வெடித்து விரிந்திருக்கும். ஒருமுறை விரிந்தது மறுமுறைக்கு உதவாது. புதியது போடுவது பெருஞ்செலவு. ஆகவே மூடியை மட்டும் ஒட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஒரு சிறு மின்தடையைச் செருகி ஏமாற்றும் வித்தை உலகம் முழுவதும் இருக்கிறது. சி.ஆர்.-இசட் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகள் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறிப் பலரைக் கொன்றன. அந்த விவகாரத்தில் 2017இல் அந்நிறுவனமே வங்குரோத்தாகியது. திரும்ப அழைக்கப்பட்ட கார்களின் பட்டியலில் சி.ஆர்.-இசட்டும் இருந்தது. அது மாற்றப்பட்டுவிட்டதா என்று செஸி இலக்கத்தைக் கொண்டு விசாரிக்காமல் இந்தக் காரை யாரும் வாங்கக்கூடாது, அது விபத்துக்குள்ளாகாத காராக இருந்தாலும்.

"அந்தக் காலத்தில் நாங்கள் எதைத்தான் திருத்தி ஓட்டவில்லை?" என்று என் வயதுக்காரர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யுத்த காலத்தில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகமே இல்லாத நாட்களில் எமது மெக்கானிக்குகள் செய்த வித்தைகளை எந்தப் பொறியியற் பீடமும் கற்பிக்கவில்லை. அவர்கள் கைத்திறனை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் அந்தக் கார்கள் கிடங்கு விழுந்த வீதியில், சோதனைச் சாவடிகளுக்கிடையே, சைக்கிளைவிடச் சற்றுக் கூடிய வேகத்தில் ஊர்ந்தவை. அவற்றின் தடித்த தகடு சுத்தியலுக்கும் நெருப்புக்கும் இணங்கியது. இன்றைய காரின் உடலில் உள்ள உயர்வலு உருக்கு அப்படியன்று. எந்த இடத்தில், எவ்வளவு விசையில், எந்த ஒழுங்கில் மடியவேண்டும் என்று கணித்தே அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை மடிந்ததைச் சூடாக்கி நிமிர்த்தினால் உருவம் திரும்பலாம், வலு திரும்பாது. அடுத்த மோதலில் அது மடியவேண்டிய இடத்தில் மடியாமல், உள்ளே இருப்பவரின் மடிமேல் வந்து நிற்கும்.

வீதியும் மாறிவிட்டது. 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அங்கே 'பாதை'க்காகக் கரையில் காத்துநின்ற வாகனங்களை வாசகர்களில் பலர் கண்டிருப்பீர்கள். இன்று மட்டக்களப்பு வீதியும் கந்தளாய், ஹபரணை வழியான வீதியும் காபெட் விரித்தாற்போல் கிடக்கின்றன. வீதி அழைக்கிறது, ஸ்போர்ட்ஸ் கார் அந்த அழைப்பை மறுக்கப் பிறந்ததல்ல. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்த வீதியில் இரவில் ஹபரணைக் காட்டருகே யானை குறுக்கிடும், வழியெங்கும் கட்டாக்காலி மாடு படுத்திருக்கும், நகருக்குள் வந்தால் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் தெருவில் உலாவும். திடீரெனப் பிறேக் அழுத்தி ஸ்ரியறிங்கை வெட்டவேண்டிய அந்த ஒரு நொடியில்தான், சட்டம் சற்றே கோணிய காரின் நான்கு சில்லுகளும் நான்கு திசையைப் பார்க்கும். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் மடிகிறார்கள். அவர்களில் பலர் காருக்குள் இருந்தவர்கள் அல்லர். நடந்தும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள். உன் காசு, உன் கார், உன் உயிர் என்று விட்டுவிட முடியாதது இதனால்தான்.

கணக்குப் போட்டாலும் ஆதாயம் தெரியவில்லை. நல்ல கார் நூறு ரூபா, இது எழுபது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் முப்பது. காற்றுப்பைகளையும் ஆசனப்பட்டி இழுப்பிகளையும் ஒழுங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு போகும். சில்லு நேராக நில்லாததால் டயர் தேய்வு. பத்து வயது தாண்டிய ஹைபிரிட் மின்கலத்தை இன்றோ நாளையோ மாற்றவேண்டும். விற்கப் போகும் நாளில், நாணயமான மனிதராக உண்மையைச் சொன்னால் மறுபடி முப்பது குறையும். சொல்லாமல் விற்றால் பாவம் கைமாறும். காப்புறுதியோ அதியுயர் நம்பிக்கைக் கோட்பாட்டின்மேல் நிற்பது. பாரதூரமான சேதம் இருந்ததை அறிந்தும் மறைத்தால், பின்னொரு நாள் நட்டஈடு மறுக்கப்படலாம். சட்டத்திடம் போகலாமா என்றால், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் வியாபாரியிடம் வாங்குவோருக்குத் தரும் பாதுகாப்பை, தம் காரை விற்கும் ஒரு தனிமனிதரிடம் வாங்குவோருக்கு அதேயளவில் தருவதில்லை. வாங்குபவரே விழிப்பாயிரு என்பதே அங்கே விதி.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். பூட்டிய பாகங்கள் மட்டும் அடிபட்டு, அடிபட்ட நாளில் எடுத்த படங்களும் திருத்திய பற்றுச்சீட்டும் கையில் இருந்தால் வாங்கலாம். அதற்கேற்ற விலைக்கழிவுடன் வாங்குவது புத்திசாலித்தனமுங்கூட. எலும்புக்கூடு அடிபட்டிருந்தால், அதுவும் வேகத்துக்கென்று செய்த காராயிருந்தால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், எலும்பு அடிபட்டதென்றே கொள்ளுங்கள்.

தெரிந்துகொள்ளச் சில வழிகள் உள்ளன. பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மழையில் நனைந்த காரைப் பார்க்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில நொடி எரிந்து அணையவேண்டும். எரியாமலே இருந்தால் அதில் சூழ்ச்சி இருக்கலாம். ஆசனப்பட்டியின் அடியில் தைத்த துண்டிலுள்ள ஆண்டும் கண்ணாடிகளில் உள்ள குறிகளும் காரின் ஆண்டுடன் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். மட்காட்டின் மறையாணித் தலைகளில் பெயின்ற் உரிந்திருந்தால் அது கழற்றப்பட்டது என்று பொருள். பெயின்ற்றின் தடிப்பை அளக்கும் கருவி கொண்ட ஒருவரை அழையுங்கள்; நிரப்புக் களிம்பு எங்கே இருக்கிறதென்று அது சொல்லிவிடும். ஜப்பானிய ஏலத்தாள் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள், ஆனால் அது இலங்கைக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவருடன் தொடர்பில்லாத ஒரு கராஜில் காரை உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்த்து, சில்லுக் கோணங்களை அளவெடுங்கள். என் மருமகன் இதைத்தான் கேட்டான். விற்பவர் "விருப்பமெண்டால் எடுங்கோ, இல்லாட்டி விடுங்கோ, வேற ஆள் நிக்குது" என்றாராம். அதைவிடத் தெளிவான பரிசோதனை அறிக்கை வேறு வேண்டியதில்லை. அவன் இன்னமும் அந்தச் சிவப்பு நிறத்தை மறக்கவில்லை. ஆனால் பணம் வங்கியில்தான் இருக்கிறது.

ஆயினும், நாட்டிலுள்ள எல்லோரும் மறையாணித் தலையைக் குனிந்து பார்த்துத் தம்மைக் காத்துக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஒவ்வொரு வண்டியின் பதிவும் இருக்கிறது. காப்புறுதி நிறுவனங்களிடம் ஒவ்வொரு பெருவிபத்தின் படமும் மதிப்பீடும் இருக்கின்றன. இந்த இரண்டு ஏடுகளையும் இணைத்து, முழுநட்டம் என்று கைவிடப்பட்ட வண்டியின் பதிவுச் சான்றிதழில் ஒரேயொரு வரி சேர்த்தால் போதும். புதிய தொழில்நுட்பம் தேவையில்லை, வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. அந்த வரி இருந்தால் ஏழைக்குக் கார் கிடைக்காமல் போகாது. அதற்குரிய விலையில் கிடைக்கும், அறிந்தே வாங்குவான். 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் ஒரு நாள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரக்கூடும். அதற்கு முன்னராவது அந்த ஒரு வரியை எழுதத் தொடங்குங்கள் என்று அதிகாரத்தில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கப்பலுக்கு உள்ள சாதகம் காருக்கும் இருக்கட்டும்.